கரப்பானுக்கு மருந்து வந்துவிட்டது – யாருக்கு?

“அரிப்புத்தானே! இதையும் ஒரு வியாதி என்று எழுத வந்துவிட்டீர்களே!” என்று நம் தோழர்களில் சிலரே கேட்கக் கூடும். டி.பி. இருக்கிறது; புற்றுநோய் இருக்கிறது; சிறுநீரகம் கெட்டு வாரத்திற்கு மூன்று நாள் டயாலிசிஸுக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண மாத்திரைக்கே ஜனங்கள் வரிசையில் நிற்கும் நாட்டில், கரப்பானைப் பற்றி ஒரு தொழிலாளர் பத்திரிகை எதற்காகப் பேச வேண்டும்?

பேசத்தான் வேண்டும். உயிரை எடுக்கும் நோய் மட்டுமே நோய் என்று நாம் ஒப்புக்கொண்டுவிட்டால், மற்ற நோய்களையெல்லாம் ஏழைகள் பொறுத்துக்கொண்டே காலந்தள்ள வேண்டியதுதான் என்றாகிவிடும். பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அரித்தால் அது வியாதி, கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அரித்தால் அது தலையெழுத்து என்ற நியாயத்தை நாம் எந்தக் காலத்தில் ஏற்றுக்கொண்டோம்?

இரண்டு நாள் வந்து மறையும் அரிப்பைப் பற்றி நாம் பேசவில்லை. டாக்டர்கள் ‘அதோபிக் டெர்மடைடிஸ்’ என்று சொல்கிற எக்ஸிமாவைப் பற்றிப் பேசுகிறோம். நம் ஊர்ப்பக்கம் இதற்குக் கரப்பான் என்று பெயர். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, கண்ணிமை என்று தோல் காய்ந்து சிவந்து வெடிக்கும். சொறியச் சொறிய நீர் கசியும். கைக்குழந்தையில் தொடங்கும் இது, பெரும்பாலோருக்கு வளர வளரத் தணிந்துவிடும். தணியாமல் பதின்மூன்று, பதினாறு வயதுவரை கூடவே வந்து, உடம்பில் பாதியைப் பிடித்துக்கொண்டு விடாமல் வதைக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

இந்த நோயின் கொடுமை இரவில்தான் தெரியும். வீடே உறங்கும் நேரத்தில் அரிப்பு உச்சத்திற்கு ஏறும். ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டுக் கட்சி ஆபீஸுக்கு வருகிறவர்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரும் உண்டு. ஒரு பீடித் தொழிலாளித் தாய் சொன்னார்: “ராத்திரி பூரா சொறியுறா, தோழர். காலையில பாயெல்லாம் ரத்தம். நான் அவ கையப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருப்பேன். மறுநாள் எனக்கு இலை வெட்ட கை வராது.” மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. பள்ளிக்கூடத்தில் அவள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லையாம். ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களாம்.

ஒட்டிக்கொள்ளாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். இது சொறி சிரங்கு அல்ல. கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவி வருகிற நோயும் அல்ல. தோலின் மேல்படையைக் கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் ‘ஃபிலாக்ரின்’ என்ற புரதத்தைச் செய்யும் மரபணுவில் பழுது இருந்தால் இந்த நோய் எளிதில் வரும் என்பதை 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர விஞ்ஞானிகள் முன்னின்று கண்டுபிடித்தார்கள். செங்கல்லுக்கு நடுவில் பூச்சு உதிர்ந்த சுவரைப் போல, தோலில் உள்ள ஈரம் வெளியே போகிறது. வெளியே உள்ள தூசியும் கிருமியும் உள்ளே வருகின்றன. உடம்பின் காவல் சேனை தேவைக்கு மேல் கிளம்பிச் சொந்தத் தோலையே எரிக்கிறது. எல்லாருக்கும் இந்த ஒரே பழுதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பாவத்தின் பலன், அழுக்கின் பலன், தாய் கர்ப்பத்தில் எதையோ தின்றதன் பலன் என்ற பேச்செல்லாம் பொய். கத்தரிக்காய், கருவாடு, வேர்க்கடலை என்று ‘கரப்பான் பண்டம்’ ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, வளரும் பிள்ளையின் தட்டில் வெறும் சோற்றையும் ரசத்தையும் மட்டும் மிச்சம் வைக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். இன்ன உணவால் நோய் ஏறுகிறது என்று டாக்டர் பார்த்து உறுதி செய்தாலன்றி இது வீண் பட்டினி.

இருக்கிற வைத்தியம்

புது மருந்தைப் பற்றிப் பேசுமுன் பழைய மருந்துக்கு நியாயம் செய்ய வேண்டும். இந்த நோய்க்கு முதல் வைத்தியம் ஈரம். குளித்து மூன்று நிமிஷத்திற்குள் வாசலைனோ லிக்விட் பாரஃபினோ உடம்பு முழுவதும் தாராளமாகத் தடவ வேண்டும். நாள் தவறாமல் தடவ வேண்டும். படை கிளம்பும்போது டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டுக் களிம்பை, சொன்ன இடத்தில், சொன்ன நாளுக்குப் போட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

இதில்கூட நடப்பதென்ன? பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் கிருமிக்கொல்லியும் கலந்த டியூபைக் கடைக்காரரே எடுத்துக் கொடுத்து வந்தார். முகம் வெளுக்குமென்று அதையே பூசிக்கொண்டவர்களும் உண்டு. தோல் மெலிந்து, முகத்தில் ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்த பிறகே டாக்டரிடம் போவார்கள். 2018-ல்தான் மத்திய சர்க்கார் 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை, டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அட்டவணையில் சேர்த்தது. அட்டவணையில் சேர்ந்ததால் விற்பனை நின்றுவிட்டதா என்பதை வாசகர்கள் அவரவர் தெருமுனைக் கடையில் பார்த்துக்கொள்ளலாம்!

களிம்புக்கு அடங்காத நோய்க்கு மெதோட்ரெக்ஸேட், சைக்ளோஸ்போரின் போன்ற பழைய மாத்திரைகள் உண்டு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 103 குழந்தைகளை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்டு 2023-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சைக்ளோஸ்போரின் சீக்கிரம் கேட்கிறது. மெதோட்ரெக்ஸேட் மெதுவாகக் கேட்டாலும், நிறுத்திய பிறகும் பலன் நிற்கிறது என்று தெரிந்தது. மெதோட்ரெக்ஸேட் விலை மலிவு. ஆனால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும். கல்லீரலையும் ரத்த அணுக்களையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சைக்ளோஸ்போரினை வருஷக்கணக்கில் கொடுக்க முடியாது, சிறுநீரகம் கெடும். புதுச் சரக்கு வந்துவிட்டது என்பதற்காக இந்தப் பழைய மருந்துகளைத் தள்ளிவிடச் சொல்லுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இவையும் கேளாத, அல்லது இவற்றைத் தாங்காத பிள்ளைகள் உண்டே, அவர்களுக்கு என்ன வழி?

புது ஊசி

வழி 2017-ல் பிறந்தது. டூபிலுமாப் என்பது மருந்தின் பெயர். டூபிக்ஸென்ட் என்பது வியாபாரப் பெயர். பிரான்ஸ் நாட்டு சனோஃபியும் அமெரிக்காவின் ரீஜெனரானும் சேர்ந்து விற்கின்றன. அமெரிக்க சர்க்காரின் மருந்து நிர்வாகம் 2017 மார்ச்சில் பெரியவர்களுக்கும், 2019 மார்ச்சில் 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கும், 2020-ல் 6 வயதுக் குழந்தைகளுக்கும், 2022-ல் 6 மாதக் கைக்குழந்தைகளுக்கும் இதை அனுமதித்தது.

இதைப் ‘பயாலஜிக்’ என்கிறார்கள். ரசாயனத்தைக் கலந்து செய்யும் மாத்திரை அல்ல இது. உயிருள்ள செல்களைப் பெரிய கலன்களில் வளர்த்து, அவற்றைக்கொண்டு செய்விக்கும் எதிர்ப்புரதம். நோயாளியின் உடம்பில் இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற இரண்டு தூதுப் புரதங்கள் ‘எரி, அரி’ என்ற தாக்கீதை அணுவுக்கு அணு கொண்டுபோகின்றன. அந்தத் தாக்கீது நுழையும் வாசல் இரண்டிற்கும் பொதுவானது. டூபிலுமாப் அந்த வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தாக்கீது உள்ளே போவதில்லை. உடம்பின் காவல் முழுவதையும் முடக்காமல் இந்த ஒரு வழியை மட்டும் அடைப்பதால், பழைய மாத்திரைகளைப் போல் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்திற்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் ஊசி; இன்சுலினைப் போல் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். ஊசியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக்கென்று இருக்கும் குளிர்பெட்டியும் அதே குளிரில்தான் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இது மந்திரமா? அல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் 251 பிள்ளைகளை வைத்து 16 வாரம் நடந்த சோதனையின் கணக்கைப் பாருங்கள். இரண்டு வாரத்திற்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 100-க்கு 41 பேருக்கு நோய் முக்கால் பங்கு குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 8 பேருக்கே அப்படிக் குறைந்தது. தோல் அநேகமாக முழுவதும் தெளிந்தவர்கள் 100-க்கு 24 பேர். வெறும் ஊசியில் 2 பேர். முழுப் பலன் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. சிலருக்குக் கண் சிவந்து உறுத்துகிறது. வயிற்றில் பூச்சி இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். நோயை வேரோடு களையும் மருந்தும் அல்ல இது; நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். ஆனாலும், ஒன்றும் கேளாமல் வருஷக்கணக்காகத் தூங்காத பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேருக்கு நான்கே மாதத்தில் இந்த நிவாரணம் கிடைக்கிறதென்றால், விஞ்ஞானத்தின் வெற்றி என்றே நாம் அதை வரவேற்கிறோம்.

இதைத் தொடர்ந்து டிராலோகினுமாப், லெப்ரிகிசுமாப், நெமோலிசுமாப் என்று வேறு மூன்று ஊசிகளும் 2023, 2024-ல் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. கடைத்தெருவில் சரக்குப் பெருகினால் விலை இறங்கும் என்று பொருளாதாரப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. பேடண்ட் பெற்ற மருந்துக் கடைத்தெருவில் டூபிக்ஸென்ட் விலை அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை.

சவரனுக்கு என்ன விலை?

விலை என்ன? 2017-ல் கம்பெனிகள் அறிவித்த பட்டியல் விலை, வருஷத்திற்கு 37,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 24 லட்ச ரூபாய்!

இந்தத் தொகைக்கு வாங்குவது எவ்வளவு மருந்து? பெரியவர்களுக்கு முதலில் 600 மில்லிகிராம், பிறகு இரண்டு வாரத்திற்கு 300. கூட்டிப் பார்த்தால் முதல் வருஷத்தில் 8 கிராம் சொச்சம். அதாவது ஒரு சவரன். அதே 2017-ல் சென்னையில் ஒரு சவரன் தங்கம் 22, 23 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. பவுனுக்குப் பவுன் நிறுத்தால், தங்கத்தைவிட நூறு மடங்கு விலை! பெண்ணைப் பெற்றவர்கள் தங்க விலையைக் கேட்டே மயங்கி விழும் நாட்டில் இது என்ன விலை?

இந்தியாவில் இதே விலைக்கு விற்கிறார்களா என்று கேட்கலாம். பத்தில் ஒரு பங்குக்கு விற்பதாகவே வைத்துக்கொள்வோம். வருஷத்திற்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. தினம் 500 ரூபாய் கூலி வாங்குகிறவர், வருஷத்தில் 300 நாள் வேலை கிடைக்கும் அதிர்ஷ்டசாலியாகவே இருந்தாலும், சம்பாதிப்பது ஒன்றரை லட்சம். சோறும் வாடகையும் வேண்டாமென்று சொல்லி முழுக் கூலியையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் ஊசி வராது.

இத்தனைக்கும் மருந்தை ஆக்கும் செலவு என்ன? பெரிய ஆலையில் இவ்வகை எதிர்ப்புரதம் ஒரு கிராம் செய்ய நூறு, இருநூறு டாலர் கணக்கில்தான் ஆகும் என்று அந்தத் தொழிலின் பொறியாளர்களே மதிப்பிட்டிருக்கிறார்கள். எட்டு கிராமுக்கு 1,600 டாலர். ஊசிக்குழாய், குளிர்பெட்டி, போக்குவரத்து எல்லாவற்றையும் மேலே ஏற்றுங்கள். 37,000 எங்கே, இது எங்கே?

“ஆராய்ச்சிச் செலவை யார் கொடுப்பது?” என்பது கம்பெனிகளின் நிரந்தரப் பதில். அதையும் பார்த்துவிடுவோம்.

எதிர்ப்புரதத்தை ஒரே அச்சாகச் செய்யும் வித்தையைக் கண்டுபிடித்தது எந்தக் கம்பெனியும் அல்ல. 1975-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், சர்க்கார் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கூடத்தில், சீசர் மில்ஸ்டைனும் ஜார்ஜஸ் கோலரும் கண்டுபிடித்தார்கள். 1984-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மில்ஸ்டைன் அர்ஜென்டினாக்காரர். 1962-ல் அங்கே ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானிகளைக் களையெடுத்தபோது, ராஜிநாமா செய்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். உலகத்தையே மாற்றிய இந்த வித்தைக்கு பேடண்ட் எடுக்கவேயில்லை. உலகின் பொதுச் சொத்தாக அது வெளிவந்தது. இன்டர்லூக்கின்-4 என்ற அந்தத் தூதுப் புரதத்தை 1982-ல் கண்டுபிடித்தவர்களில் மாரின் ஹோவர்டும் வில்லியம் பாலும் அமெரிக்க சர்க்காரின் தேசிய சுகாதார நிலையத்தில் சம்பளத்திற்கு வேலை பார்த்தவர்கள். அந்தச் சம்பளம் அமெரிக்கத் தொழிலாளி கட்டிய வரி.

இதற்குமேல் கம்பெனியின் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் செய்த வேலையை நாம் மறுக்கவில்லை. மனித எதிர்ப்புரதம் சுரக்கும்படி எலியின் மரபணுவை மாற்றியதும், ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்ததும் பெரிய உழைப்பு, பெரிய செலவு. கொடுத்த செலவு திரும்பி வரட்டும், நியாயமான லாபமும் வரட்டும். வரவில்லையா என்ன? 2023 ஒரே வருஷத்தில் இந்த ஒரு மருந்தின் விற்பனை 1,071 கோடி யூரோ. 2024-ல் 1,307 கோடி யூரோ. செலவெல்லாம் வந்து சேர்ந்து எத்தனை காலமாயிற்று! இனி வாங்குவது ஆராய்ச்சிக்கான கூலியல்ல, கப்பம்.

“காத்திருங்கள், பேடண்ட் ஒருநாள் முடியும்” என்று உபதேசிக்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் இதன் முக்கிய பேடண்ட் முடிவது 2031-ல். 2019-ல் பன்னிரண்டு வயதான பிள்ளைக்கு அப்போது இருபத்து நான்கு வயதாகியிருக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, கல்லூரி, முதல் வேலை, பெண்ணாயிருந்தால் பார்க்க வந்தவர்கள் முழங்கையைப் பார்த்துவிட்டுப் போனது எல்லாம் முடிந்திருக்கும். அந்த வருஷங்களை எந்தக் கம்பெனி திருப்பிக் கொடுக்கும்? சில கம்பெனிகள் 2031 வந்தாலும் விடுவதில்லை. மூட்டுவாதத்திற்குப் போடும் அடாலிமுமாப் என்ற இதே வகை ஊசிக்கு அமெரிக்காவில் ஒன்றன்மேல் ஒன்றாக நூற்றுக்கு மேற்பட்ட பேடண்ட் எடுத்துவைத்து, 2023 ஜனவரி வரை மாற்று மருந்து அங்கே விற்பனைக்கு வராமல் தடுத்தார்கள். இந்தியாவிலோ அதன் மாற்று 2014 டிசம்பரிலேயே வந்துவிட்டது. குஜராத் முதலாளி ஒருவரின் கம்பெனி செய்தது. அமெரிக்க விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு விற்றது. ‘இந்தியாவில் இதெல்லாம் செய்ய முடியாது’ என்ற பேச்சு இத்துடன் அடிபட்டுப் போகிறது.

சட்டம் கையில் இருந்தும்

நாம் இந்தக் கொள்ளையை முன்பும் பார்த்தவர்கள். 1961-ல் அமெரிக்க செனட்டின் கெஃபாவர் கமிட்டியே, உலகத்தில் மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று சொல்லிற்று. வெள்ளைக்காரன் போட்ட 1911-ம் வருஷத்து பேடண்ட் சட்டம் அப்போது அமலில் இருந்தது. அதை எப்படி மாற்றலாம் என்று நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-ல் அறிக்கை கொடுத்தார். 1970-ல் புதுச் சட்டம் வந்தது: மருந்துக்கு பேடண்ட் கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு. இதே காலத்தில் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். பொதுத்துறை ஆலைகள் ரிஷிகேசத்திலும் ஹைதராபாத்திலும் எழுந்தன; சென்னையில் அறுவைக் கருவி ஆலை எழுந்தது. இந்த இரண்டு கால்களில் நின்றுதான் இந்தியா ஏழை நாடுகளின் மருந்துக்கடை ஆயிற்று.

இரண்டு காலையும் வெட்டினார்கள். உலக வர்த்தக ஸ்தாபனத்தில் சேர்ந்து, 2005-ல் மருந்துக்கே 20 வருஷ பேடண்ட் கொடுக்கும் முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஐ.டி.பி.எல்.லை மூடிவிட 2016 டிசம்பரில் மந்திரிசபை முடிவு செய்தது. பேடண்ட் பெற்ற புது மருந்துக்கு, விற்பனை தொடங்கி ஐந்து வருஷம்வரை விலைக் கட்டுப்பாடே கிடையாது என்று 2019 ஜனவரியில் உத்தரவைத் திருத்தினார்கள்.

ஆயினும் 2005 சட்டம் பார்லிமெண்டில் வந்தபோது இடதுசாரிகள் போராடிச் சில கதவுகளைத் திறந்து வைத்தார்கள். பேடண்ட் கொடுக்குமுன்பே எவரும் ஆட்சேபிக்கும் உரிமை அவற்றில் ஒன்று. பழைய சரக்குக்குப் புதுச் சட்டை மாட்டி மறுபடி பேடண்ட் கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதைக்கொண்டுதான் 2013 ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட், நோவார்டிஸ் கம்பெனியின் ரத்தப் புற்றுநோய் மருந்து வழக்கைத் தள்ளிற்று. மருந்து நியாய விலைக்குக் கிடைக்காவிட்டால் வேறொருவர் செய்ய உரிமம் கொடுக்கலாம் என்பது 84-ம் பிரிவு. சர்க்கார் தன் உபயோகத்துக்கே எடுத்துக்கொள்ளலாம் என்பது 100-ம் பிரிவு. 2012 மார்ச்சில் ஒரே ஒரு முறை 84-ஐ எடுத்து வீசினார்கள். பேயர் கம்பெனி மாதம் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு விற்ற புற்றுநோய் மருந்து, 9 ஆயிரத்துக்கும் குறைவாகக் கிடைத்தது! பேயரின் தலைவர் 2013-ல் பகிரங்கமாகவே பேசினார்: இந்தியர்களுக்காக அந்த மருந்தை உருவாக்கவில்லை, வாங்க வசதியுள்ள மேல்நாட்டாருக்காகவே உருவாக்கினோம் என்றார். ஒரு விதத்தில் நேர்மையான பேச்சு. அதற்குப் பின் பத்து வருஷம் கழிந்தும் டில்லி சர்க்கார் இரண்டாவது உரிமம் கொடுக்கவில்லை. கத்தி உறையில் துருப்பிடிக்கிறது.

சின்னஞ்சிறு கியூபாவைப் பாருங்கள். சோவியத் யூனியன் சிதைந்து, அமெரிக்க முற்றுகை கழுத்தை நெரித்து, ஹவானாவில் மின்சாரமும் ரொட்டியும் தட்டுப்பட்ட 1994-ல், அந்த நாடு எதிர்ப்புரதம் செய்வதற்கென்றே மூலக்கூறு நோயெதிர்ப்பு மையத்தைத் திறந்தது. முழுக்கப் பொதுச் சொத்து. அந்த மையத்தில் பிறந்த இடோலிசுமாப் என்ற எதிர்ப்புரதம், பெங்களூர்க் கம்பெனி ஒன்றின் கூட்டில் வளர்ந்து, 2013-ல் இந்தியாவில் அனுமதி பெற்றது. எதற்கு? சோரியாசிஸ் என்னும் காளாஞ்சகப்படைக்கு. அதுவும் தோல் வியாதிதான்! பட்டினி கிடந்த நாடு அரிப்பையும் படையையும் அற்பமென்று நினைக்கவில்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது? செங்கல்பட்டில் 594 கோடி ரூபாய்த் திட்டமாகத் தொடங்கிய தடுப்பூசி வளாகம், கொரோனா ஜனங்களை வாரிக்கொண்டுபோன 2021 மே மாதத்திலும் ஒரு புட்டி மருந்து வெளியே அனுப்பாமல் கிடந்தது. மாநில சர்க்கார் குத்தகைக்குக் கேட்க வேண்டியதாயிற்று. தடுப்பூசி ஆலையில் அப்படியே எதிர்ப்புரதம் செய்துவிட முடியாது, இயந்திரங்கள் வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனால் நூறு ஏக்கர் நிலமும், கட்டிடமும், இந்த வித்தை படித்துவிட்டு வேலை தேடி அலையும் பிள்ளைகளும் இருக்கும் ராஜ்யத்தில், பொதுத்துறையில் ஓர் எதிர்ப்புரத ஆலை வேண்டுமென்று கேட்பது ஆகாயக் கோட்டையல்ல. கேரளத்தில் ஆலப்புழைக்குப் பக்கத்தில் கலவூரில், மாநில சர்க்காரின் சொந்த மருந்து ஆலை ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து செய்து கொடுத்துக்கொண்டிருக்கவில்லையா?

ஆலை நாளைக்கே வராது. அதுவரை பிள்ளைகள் சொறிந்துகொண்டே இருக்கட்டும் என்று விட முடியாது. களிம்புக்கும் மாத்திரைக்கும் கேளாத நோய் என்று மெடிக்கல் காலேஜ் தோல் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளுக்கு, ஊசியைச் சர்க்கார் மொத்தமாக வாங்கி இலவசமாகப் போட வேண்டும். 1994 முதல் மருந்தை மொத்தமாக வாங்கி விலையை அடித்துக் குறைக்கும் வித்தையில் பெயரெடுத்த மருத்துவப் பணிகள் கழகம் தமிழ்நாட்டில் இருக்கிறது; அது பேரம் பேசட்டும். கம்பெனி இறங்கி வராவிட்டால் 84-ம், 100-ம் பிரிவுகளை எடு என்று டில்லிக்குத் தீர்மானம் போகட்டும். இந்த நோய் ஒட்டாது என்று ஒவ்வொரு பள்ளிக்கும் கல்வி இலாகா சுற்றறிக்கை அனுப்பட்டும். அதற்குப் பத்துக் காசு செலவில்லை.

ஊசி வேண்டாத பெரும்பாலான பிள்ளைகளுக்கு வேண்டியது இன்னும் சுலபமானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாசலைனும் லிக்விட் பாரஃபினும் கேட்டால், தீக்குச்சி டப்பா அளவில் ஒரு பொட்டலம் தருவார்கள், அல்லது இல்லை என்பார்கள். உடம்பு முழுவதும் தடவும் பிள்ளைக்கு வாரத்திற்குக் கால் கிலோ வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 – எந்த கிராம சபை முதலில் வருகிறதோ அதில் நம் கிளைத் தோழர்கள் எழுந்து, இந்த இரண்டு சரக்கும் சென்ற வருஷத்தில் எத்தனை நாள் இருப்பில் இருந்தது என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். அந்தக் கணக்குகளை மாவட்டக் கமிட்டிக்கு அனுப்புங்கள். சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவத் துறை அதிகாரிகளைச் சந்திக்கலாம்.